முதுமையில் விழுவது: எதை அளக்கிறோம், எதற்காக?

வீட்டில் ஒரு பெரியவர் விழுந்தால் முதலில் எழும் கேள்வி, எலும்பு முறிந்துவிட்டதா என்பது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். முறிவு இல்லை என்றால் எல்லோருக்கும் நிம்மதி. "தரை ஈரமாக இருந்தது", "வயசானால் இதெல்லாம் சகஜம்தான்" என்று பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. ஏன் விழுந்தார் என்ற இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதற்கு விடை தேட மருத்துவத்தில் ஒரு முறை இருக்கிறது. அதற்குச் சமநிலை மதிப்பீடு என்று பெயர். அது எப்படி நடக்கிறது, அதிலிருந்து எதைத் தெரிந்துகொள்ளலாம், எதைத் தெரிந்துகொள்ள முடியாது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள். தற்செயலாக நேரும் காயங்களால் வரும் இறப்புகளில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். பலருக்குச் சிராய்ப்போடு போய்விடுகிறது. சிலருக்கு இடுப்பெலும்பு முறிகிறது. அப்படி முறிந்தவர்களில் பலரால் பழையபடி நடமாட முடிவதில்லை.

இனி, நிற்பது என்றால் என்ன என்று பார்ப்போம். எந்தப் பொருளும் விழாமல் நிற்க வேண்டுமானால், அதன் எடை மையம் அது ஊன்றியிருக்கும் பரப்புக்கு நேர் மேலே இருக்க வேண்டும். மனிதருக்கு அந்தப் பரப்பு மிகச் சிறியது. இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட இடமும்தான். எடை மையமோ தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உயரத்தில் இருக்கிறது. அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதுகூட உடல் முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆட்டத்தை எல்லைக்குள் வைத்திருக்கும் திறனையே சமநிலை என்கிறோம்.

உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற செய்தி மூளைக்கு மூன்று வழிகளில் வருகிறது. முதல் வழி கண். சுவர், கதவு, தரை ஆகியவற்றை வைத்து நாம் நேராக நிற்கிறோமா என்பதைக் கண் சொல்கிறது. இரண்டாவது உட்செவி, அதாவது காதின் ஆழத்தில் எலும்புக்குள் இருக்கும் உறுப்பு. அதிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்களில் திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது அந்தத் திரவம் நகர்வதை நரம்புகள் உணர்கின்றன. பக்கத்திலேயே இரண்டு சிறு பைகளில் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் உள்ளன. தலை சாய்வதை அவை காட்டுகின்றன. மூன்றாவது பாத உணர்வு. பாதத்தின் தோலும், கணுக்கால், முழங்கால் மூட்டுகளும், அவற்றைச் சுற்றிய தசைகளும், எடை எங்கே விழுகிறது என்பதை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

மூளை இந்த மூன்று செய்திகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒன்று குறைந்தால் மற்ற இரண்டையும் கூடுதலாக நம்புகிறது. மின்சாரம் போன இரவில் பாத உணர்வையும் உட்செவியையும் நம்பித்தான் நடக்கிறோம். பிறகு மூளை தசைகளுக்கு உத்தரவிடுகிறது. சாய்வு சிறிதானால் கணுக்காலே சரிசெய்துவிடும். சற்றுப் பெரிதானால் இடுப்பை வளைத்துச் சமாளிக்கிறோம். அதையும் மீறினால் சட்டென்று ஓர் எட்டு எடுத்து வைக்கிறோம். கால் தடுக்கியும் விழாமல் தப்பிப்பது இந்த ஓர் எட்டால்தான். அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு.

வயது ஏறும்போது இந்த அமைப்பில் பல இடங்களில் தேய்மானம் வருகிறது. கண்ணில் புரை வளரலாம். நீண்ட கால நீரிழிவால் பாதம் மரத்துப்போகலாம். தொடைத் தசை மெலிகிறது. நரம்பில் செய்தி போகும் வேகம் குறைகிறது. ஆனால் எல்லோருக்கும் எல்லாம் ஒரே அளவில் தேய்வதில்லை. மதிப்பீடு தேவைப்படுவது இதனால்தான்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருமே "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்". முதலாமவருக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய், பாதத்தில் உணர்ச்சி குறைவு. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடி விழுந்தார். இரண்டாமவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். நள்ளிரவில் சிறுநீர் கழிக்க வேகமாக எழுந்து போனார். எழுந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்கி, கண் இருண்டு விழுந்தார். இடம் ஒன்று, வீட்டார் சொல்லும் சொல்லும் ஒன்று. காரணம் வேறு. செய்ய வேண்டியதும் வேறு.

மதிப்பீடு கேள்வியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வகுத்த நடைமுறையில் மூன்று கேள்விகள் முக்கியமானவை. கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாற்றம் தெரிகிறதா? விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். முதல் கேள்வியை வெளிப்படையாகக் கேட்டாக வேண்டும். வெளியே போகக்கூடாது என்று பிள்ளைகள் தடுத்துவிடுவார்களோ என்ற தயக்கத்தில், பல முதியவர்கள் விழுந்ததைத் தாமாகச் சொல்வதில்லை.

விழுந்ததுண்டு என்றால், எப்படி என்று விரிவாகக் கேட்க வேண்டும். என்ன செய்துகொண்டிருந்தார்? எந்த நேரம்? தலை சுற்றியதா, கால் தடுக்கியதா, முழங்கால் மடங்கியதா? நினைவு தப்பியதா? தானாக எழ முடிந்ததா, வெகுநேரம் தரையிலேயே கிடந்தாரா? நினைவு தப்பியது என்றால் இதயத் துடிப்பைச் சோதிக்க வேண்டும். படுக்கையில் புரளும்போது அறையே சுற்றியது என்றால், உட்செவிப் படிகங்கள் இடம் மாறிக் குழலுக்குள் போயிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பி, அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் எளிய சிகிச்சை அதற்கு உண்டு. நன்றாகக் கேட்டாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடுகிறது.

அடுத்தது நடக்கவும் நிற்கவும் வைத்துப் பார்க்கும் சோதனைகள். இவற்றில் மிகப் பரவலானது 'டைம்டு அப் அண்ட் கோ' என்பது. எழுந்து நடக்கும் சோதனை என்று இங்கே சொல்வோம். கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த டயான் பொட்சியாட்லோ, சான்ட்ரா ரிச்சர்ட்சன் ஆகிய இருவரும் 1991-இல் இதை வெளியிட்டார்கள். கைப்பிடியுள்ள ஒரு நாற்காலி, அதிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு கோடு, நொடி காட்டும் கடிகாரம். இவ்வளவுதான் தேவை.

முதியவர் நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்கிறார். காலில் வழக்கமாகப் போடும் செருப்பு. கைத்தடி வைத்திருப்பவர் என்றால் அதுவும் கையில் இருக்கலாம். "போகலாம்" என்றதும் எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். சொன்ன கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அவர் திரும்பவும் உட்கார்ந்ததும் நிற்கிறது. 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கலாம் என்று அமெரிக்க மையம் எடுத்துக்கொள்கிறது.

ஆனால் அனுபவமுள்ள இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், கடிகாரத்தைவிட ஆளைத்தான் அதிகம் பார்ப்பார். ஒரே முயற்சியில் எழுகிறாரா, கைப்பிடியை அழுத்தி இரண்டு மூன்று முறை எக்கி எழுகிறாரா? கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் தொடைத் தசை பலவீனமாக இருக்கலாம். எழுந்ததும் ஒரு கணம் நின்று நிதானித்துக்கொண்டால் இரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பாதத்தைத் தூக்காமல் தேய்த்து நடக்கிறாரா? ஒரு கை மட்டும் வீசாமல் இருக்கிறதா? கோட்டருகே இரண்டு மூன்று எட்டில் திரும்புகிறாரா, சின்னச் சின்னதாக ஏழெட்டு எட்டு வைத்துத் திரும்புகிறாரா? எட்டு சிறுத்து, கைவீச்சும் குறைந்திருந்தால் பார்க்கின்சன் நோயை நினைக்க வேண்டும். கடைசியில் பின்னால் பார்க்காமல் பொத்தென்று உட்கார்ந்தால், தூரத்தைக் கணிப்பதிலோ தசையைக் கட்டுப்படுத்துவதிலோ சிக்கல் இருக்கலாம். 15 நொடி என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் இத்தனை விதமான மனிதர்கள் இருக்க முடியும்.

காலின் வலுவைத் தனியே அறிய 30 நொடி நாற்காலிச் சோதனை உண்டு. கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, 30 நொடிக்குள் எத்தனை முறை முழுவதும் எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுகிறார்கள். 70 முதல் 74 வயதுள்ள பெண்கள் 10 முறைக்குக் குறைவாகவும், ஆண்கள் 12 முறைக்குக் குறைவாகவும் எழுந்தால் அது சராசரிக்குக் கீழ். கையை ஊன்றி எழுந்தால் கணக்கு பூஜ்யம்தான்.

நிற்கும் சமநிலையை நான்கு நிலைகளில் பார்க்கிறார்கள். முதலில் இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து நிற்பது. அடுத்து ஒரு பாதத்தைப் பாதி முன்னே தள்ளி நிற்பது. மூன்றாவது, ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நிற்பது. கடைசியாக ஒற்றைக் காலில் நிற்பது. ஒவ்வொன்றிலும் 10 நொடி. ஊன்றும் பரப்பு படிப்படியாகச் சுருங்குவதைக் கவனியுங்கள். மூன்றாவது நிலையில் 10 நொடி நிற்க முடியாதவருக்கு விழும் அபாயம் கூடுதல். வீட்டில் இதைச் செய்து பார்ப்பதானால் பக்கத்தில் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். தனியாகச் செய்யக் கூடாது.

பாத உணர்வைச் சோதிக்கும் வழி இன்னும் பழையது. 19-ஆம் நூற்றாண்டில் பெர்லினில் பணியாற்றிய மோரிட்ஸ் ராம்பெர்க் என்ற மருத்துவரின் பெயரால் அது அறியப்படுகிறது. பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, பிறகு கண்ணை மூடச் சொல்கிறார்கள். கண் திறந்திருக்கும்போது உறுதியாக நின்றவர், மூடியதும் தள்ளாடினால், அவர் அதுவரை கண்ணை நம்பித்தான் நின்றிருக்கிறார் என்று பொருள். பாத உணர்வோ உட்செவியோ சரியாகச் செய்தி அனுப்பவில்லை. முகத்தில் சோப்புடன் விழுந்த நம் முதலாமவருக்கு நேர்ந்தது இதேதான்.

இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டியவர்களுக்கு பெர்க் அளவுகோல் இருக்கிறது. கனடாவின் கேத்ரின் பெர்க் 1989-இல் இதை அறிமுகப்படுத்தினார். தரையிலிருந்து ஒரு பொருளை எடுப்பது, ஒரு முழுச் சுற்றுத் திரும்புவது, நின்றபடி கையை முன்னே நீட்டுவது என 14 செயல்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 56. எந்தச் செயலில் மதிப்பெண் போனது என்பது தெரிவதால், எந்தப் பயிற்சி கொடுப்பது என்பதும் தெரிந்துவிடுகிறது.

நடக்கும்போது மூளைக்கும் வேலை உண்டு. 1997-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஓர் எளிய உண்மையைக் கவனித்து எழுதினார்கள். கூட நடந்து வருபவர் பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லும் முதியவர்கள், அடுத்த ஆறு மாதங்களில் மற்றவர்களைவிட அதிகமாக விழுந்தார்கள். அவர்களுக்கு நடையே முழுக் கவனத்தையும் கேட்கும் வேலையாகிவிட்டது. அதனால்தான் சில இடங்களில் எண்ணைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டே நடக்க வைத்தும் சோதிக்கிறார்கள்.

அசைவுகளைப் பார்த்தால் மட்டும் போதாது. இரத்த அழுத்தத்தை ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறையும், எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடியும் அளக்க வேண்டும். நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழும்போது அழுத்தம் இறங்கும் கோளாறு இருக்கிறது. உட்கார வைத்து மட்டும் அளந்தால் இது தெரியவே தெரியாது. அடுத்து மாத்திரைகளை எல்லாம் மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். தூக்க மாத்திரை, மன அமைதிக்கான மாத்திரை, சில அழுத்த மாத்திரைகள், சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கும் மருந்து ஆகியவை தடுமாற்றம் தரக்கூடியவை. கண் பார்வையைச் சோதிக்க வேண்டும். இரண்டு பவர் சேர்ந்த கண்ணாடியின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. படியில் இறங்கும்போது அதன் வழியே கீழே பார்ப்பதால் படியின் விளிம்பு மங்கிவிடும். பாதத்தையும் செருப்பையும் பார்க்க வேண்டும். தேய்ந்துபோன ஹவாய் செருப்பு ஈரத் தரையில் பிடிப்பதில்லை. வீட்டில் உயரமான நிலைப்படி, விளக்கில்லாத புழக்கடை, கைப்பிடி இல்லாத கழிப்பறை, கணுக்காலுக்குக் கீழே புரளும் வேட்டி அல்லது புடவை ஆகியவையும் இந்தக் கணக்கில் வரும்.

இப்போது மதிப்பெண்ணுக்கு வருவோம். 2022-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஓர் உலக வழிகாட்டு நெறியை வெளியிட்டார்கள். அதில் நடை வேகம் முக்கிய அளவு. நொடிக்கு 0.8 மீட்டரோ குறைவோ, அதாவது 4 மீட்டரைக் கடக்க 5 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை. அதை அளக்க முடியாவிட்டால் எழுந்து நடக்கும் சோதனையை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே எல்லை 15 நொடி. அமெரிக்க மையம் சொல்வது 12 நொடி. இரண்டில் எது சரி என்று கேட்கத் தோன்றும்.

இரண்டும் மனிதர்கள் போட்ட கோடுகள்தான். கோட்டை 12-இல் போட்டால் அபாயத்தில் உள்ள பலர் பிடிபடுவார்கள். கூடவே, விழப்போகாத பலரும் பட்டியலில் வந்துவிடுவார்கள். 15-இல் போட்டால் வீண் எச்சரிக்கை குறையும். சிலர் தவறிப்போவார்கள். அந்தக் கோட்டில் இயற்கையாக எந்த எல்லையும் இல்லை. வீட்டில் வசிக்கும் முதியவர்களின் எதிர்கால வீழ்ச்சியை இந்த ஒரு சோதனையால் நன்றாகக் கணிக்க முடிவதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். மருத்துவமனையில் தங்கியிருப்போரில் யார் விழுவார் என்று மதிப்பெண் போட்டுக் கணிக்கும் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2013-இல் சொன்னது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரிடமும் உள்ள காரணங்களைத் தேடிச் சரிசெய்யச் சொன்னது. ஆகவே இந்தச் சோதனைகள் ஜோசியம் அல்ல. எந்த இடத்தில் பலவீனம் என்று தேடுவதற்கான கருவிகள்.

தேடிக் கண்டுபிடித்தால் பலன் உண்டா? உண்டு. வீட்டில் வசிக்கும் முதியவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. உடற்பயிற்சியால் விழும் எண்ணிக்கை ஏறக்குறைய 23 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. அதில் சமநிலைக்கான பயிற்சி இருக்க வேண்டும். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டத்தில், கால் வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளோடு நடையும் சேர்ந்திருக்கிறது. பிரிட்டனில் 70 வயதைத் தாண்டிய பெண்களிடம் நடந்த ஆய்வில், முதல் கண்ணில் புரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் செய்தபோது விழுவது 34 சதவீதம் குறைந்தது. தூக்க மாத்திரை போன்றவற்றைப் படிப்படியாக நிறுத்திய நியூசிலாந்து ஆய்வில் விழுவது மிக அதிகமாகக் குறைந்தது. ஆனால் ஆய்வு முடிந்ததும் பலர் மாத்திரைக்கே திரும்பிவிட்டார்கள். காரணத்தைக் கண்டறிவதைவிட, மாற்றத்தைத் தொடர்வது கடினம் என்பதை இது காட்டுகிறது. மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் தானாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பயத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு முறை விழுந்தவர் நடப்பதைக் குறைத்துக்கொள்கிறார். அன்பினால் வீட்டாரும் "நீங்க எழுந்திருக்காதீங்க, நாங்க எடுத்துத் தர்றோம்" என்கிறார்கள். நடை குறைந்தால் தசை இன்னும் மெலியும். தசை மெலிந்தால் விழும் அபாயம் இன்னும் கூடும். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதே அபாயத்தை வளர்த்துவிடும். பெரியவர் பாதுகாப்பாக நடமாட வழி செய்வதுதான் உண்மையான உதவி.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறை புதிதல்ல. இந்தியாவின் முதல் முதியோர் நல மருத்துவப் பிரிவு 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் முயற்சியில் தொடங்கியது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. ஆனால் கிராமத்தில் இருக்கும் பெரியவர் கிண்டிக்கு வரப்போவதில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அவரது வாசலுக்கே போகிறது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிறது, தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் தருகிறது. விழும் அபாயம் கூடுதலாக உள்ளவர்களில் பலர் இந்த இரு நோய்களில் ஒன்றுக்காவது மருந்து வாங்குபவர்களாக இருக்கலாம். அந்த வாசலில் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிடலாம். அதற்குப் புதிய கருவியோ கட்டடமோ வேண்டாம்.

கேட்பது மட்டும் போதாது என்பதையும் மறக்கக் கூடாது. "ஆம்" என்று பதில் வந்தால் அடுத்து என்ன என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். நின்ற நிலையில் அழுத்தத்தை அளப்பது யார், மாத்திரைகளை மறுபடி பார்ப்பது யார், கண் பரிசோதனைக்கு எங்கே அனுப்புவது, வாரந்தோறும் பயிற்சியைத் தொடர்கிறாரா என்று விசாரிப்பது யார். இந்த நான்குக்கும் விடை இருக்கும் இடத்தில்தான் மதிப்பீடு பயன் தரும். விடை இல்லாத இடத்தில் அது கோப்பில் இன்னொரு எண்ணாக மட்டுமே இருக்கும்.